அருள்மணி மடித்த ஓலை

சவேரியார்பட்டி,
3.3.2025, திங்கள்

சனிக்கிழமை என் வீட்டைப் பழுது பார்க்க வந்து நின்றவர்களை முதலில் எழுதிவிடுகிறேன். பங்குச் சாமியார் குணசேகரன் வந்தார். கொத்தனார் நல்லதம்பி வந்தார். அவர் வேதக்காரர் இல்லை, இருந்தாலும் நம் ஆட்களைவிட முன்னால் வந்து நின்றார். உன்னோடு படித்த பிளெஸ்ஸி வந்தாள். அவள் அப்பன் வீரய்யா வந்தான், ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான், அதற்குமேல் ஒரு வேலையும் செய்யவில்லை. பாட்டுக் குழுவில் தபேலா அடிக்கிற செம்மல் வந்தான். பக்கத்து வீட்டு மூக்காயி கூப்பிடாமலே வந்தாள். நான் அவள் வீட்டு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். தூசி என் நெஞ்சுக்கு ஆகாது. ஆனால் கண்ணுக்கு ஒன்றும் இல்லை, எல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

என் தங்கம் அன்புமொழிக்கு, அப்பத்தா பிச்சையம்மாள் எழுதுவது. நான் இருக்கிறேன். உன் உடம்புக்கு எப்படி இருக்கிறது? மடத்துச் சாப்பாட்டில் இப்போதாவது உப்பு போடுகிறார்களா?

நம் பங்கில் இது புதுப் பழக்கம். தவக்காலம் பிறப்பதற்கு முன்னால், ஆளில்லாத கிழடுகளின் வீட்டை ஒவ்வொரு அன்பியமும் பார்த்து எடுத்துச் சுத்தம் செய்து, பழுது பார்த்துக் கொடுக்க வேண்டுமாம். எங்கள் தெருக்காரர்கள் கூடிச் செபிக்கிற அந்தோனியார் அன்பியத்துக்கு என் வீடு. பூசை முடிந்து அறிவிப்பு வாசித்தபோது "ஆளில்லாத" என்று என் பெயரைச் சொன்னார்கள். எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. எனக்கா ஆளில்லை? ஒருத்தி இருக்கிறாள், அடைப்பு மடத்துக்குள் இருக்கிறாள், வெளியே வர அனுமதி இல்லை, அவ்வளவுதானே. வாசித்தது யார் என்பதை நினைவில் வைத்திருக்கிறேன்.

வேலையைக் குறை சொல்ல மாட்டேன். கஜா புயலில் போன மேற்குப் பக்கத்து ஓட்டை முழுசாக மாற்றிவிட்டார்கள். குடுமியான்மலைப் பக்கம் யாரோ இடித்த வீட்டிலிருந்து பழைய ஓடு வந்தது. இப்போதெல்லாம் அந்த மாதிரி ஓடு சுடுகிறவர்கள் இல்லை என்று நல்லதம்பி சொன்னார். சுவரில் விரிசலைப் பூசி வெள்ளை அடித்தார்கள். பிளெஸ்ஸி ஓட்டு மேலேயே ஏறிவிட்டாள். வீரய்யா கீழே நின்று, "இறங்குடி, கல்யாணத்துக்கு நிக்கிற புள்ள கூரையில நிக்கிறா" என்று கத்தினான். அவள் மேலிருந்து, "மாப்பிள்ளை இங்கிட்டு வந்தா நல்லா தெரியட்டும்ப்பா" என்றாள். சாமியாரே சிரித்துவிட்டார்.

ஒரே குறை, எல்லாவற்றையும் இடம் மாற்றி வைத்துவிட்டார்கள். உப்புச் சாடியைக் காணாமல் நேற்று உப்பில்லாமல் கஞ்சி குடித்தேன், உன்னை மாதிரி. திருஇருதயப் படத்தைத் துணியில் சுற்றிக் கட்டில் மேல் வைத்திருக்கிறார்கள். சுவர் காய்ந்த பிறகு மாட்டலாம் என்று பிளெஸ்ஸி சொன்னாள். நான் இன்னும் அவிழ்க்கவில்லை. படத்துக்குப் பின்னால் உன் அப்பன் மடித்த ஓலைச் சிலுவை இருக்கிறதே, அவசரப்பட்டால் உதிர்ந்துவிடும். வேலை தொடங்கும் முன்பே பிளெஸ்ஸியைத் தனியாகக் கூப்பிட்டு, "படத்துக்குப் பின்னாடி இருக்கிறதை மட்டும் தொடாதே, அது என்னோடு பெட்டிக்குள் வர வேண்டியது" என்று சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

உனக்கும் அதையே சொல்லியிருக்கிறேன், மறந்திருக்க மாட்டாய். வேலைக்குப் போன இடத்தில் செத்த உன் அப்பன் அருள்மணியை அரபு நாட்டிலேயே புதைத்துவிட்டார்கள். எந்த ஊர், எந்த இடம், யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. புறப்பட்ட வருஷம் குருத்து ஞாயிறு அன்று அவன் கையால் மடித்தது அது ஒன்றுதான் மிச்சம். என் கையில் அதை வைத்து மூடினால், உன் தாத்தா பக்கத்தில் எனக்கு வெட்டுகிற குழியில் அவனுக்கும் இடம் கிடைத்துவிடும். எனக்கு வேறு ஆசை இல்லை.

புதன்கிழமை தவக்காலம் பிறந்ததும் உங்களுக்குக் கடிதம் தர மாட்டார்கள் என்று தெரியும். இது அதற்குள் வந்து சேருமோ என்னவோ. வராவிட்டாலும் எழுதுவேன். மடத்துத் தலைவி தாய் சிஸ்டர் சேர்த்து வைத்து, தவக்காலம் முடிந்து பாஸ்கா வந்த பிறகு மொத்தமாகக் கொடுக்கட்டும்.

அன்புள்ள அப்பத்தா,
பிச்சையம்மாள்


6.3.2025, வியாழன்

தங்கம் அன்புமொழிக்கு,

 எழுத்து கோணலாக இருந்தால் கூட்டிப் படித்துக்கொள்.

நேற்றுச் சாம்பல் புதன். விடியல் பூசைக்குப் போனேன். சாமியார் என் நெற்றியில் சாம்பல் பூசி, மண்ணாய் இருக்கிறாய் என்று சொன்னார். ஆமென் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து சுவரைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்திருந்தது. நல்லதம்பி ஆணி அடித்து வைத்திருந்தார். சரி, நாமே மாட்டிவிடுவோம் என்று துணியை அவிழ்த்தேன். படத்துக் கண்ணாடியை எலுமிச்சம்பழம் போட்டுத் துடைத்திருக்கிறார்கள். ஆண்டவர் முகம் இவ்வளவு சிவப்பு என்று எனக்கே நேற்றுத்தான் தெரிந்தது. பின்பக்கம் திருப்பினேன். பின் பலகையையும் துடைத்திருந்தார்கள். அங்கே ஒன்றும் இல்லை.

கட்டிலுக்கு அடியில் பார்த்தேன். துணியை உதறினேன். அரிசிப் பானைக்குள் கையை விட்டுக்கூடப் பார்த்தேன், அங்கே எப்படி வரும், ஆனாலும் பார்த்தேன். மூக்காயி வாசலில் நின்று, "என்னத்தக்கா இப்படித் தேடுற?" என்றாள்.

"எம்புள்ளைய."

அவளுக்குப் புரிந்துவிட்டது. படி ஏறி உள்ளே வந்தாள். பிறகு சொன்னாள்: "பழைய ஓலையெல்லாம் அந்தப் புள்ள பிளெஸ்ஸி ஒரு மஞ்சப் பையில போட்டு எடுத்துட்டுப் போச்சே. கோயில்ல எரிக்கணும்னு சொல்லுச்சு. ஒனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்."

போன வருஷத்துக் குருத்தோலையை வீட்டுக்கு வீடு வாங்கிப் போய்ச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயில் வாசலில் எரிப்பார்கள். அந்தச் சாம்பல்தான் புதன்கிழமை நெற்றிக்கு வருகிறது. வருஷா வருஷம் நானும் கொடுக்கிறவள்தான். ஆனால் அருள்மணி மடித்ததை ஒரு வருஷமும் கொடுத்ததில்லை. கேட்க வருகிற பிள்ளைகளுக்கும் அது தெரியும்; படத்தைப் பார்த்துச் சிலுவை போட்டுவிட்டு, மற்றதை மட்டும் வாங்கிப் போவார்கள்.

மூக்காயி சொல்லி முடித்தபோது என் கை தானாக நெற்றிக்குப் போயிற்று. பாதியில் நிறுத்திக்கொண்டேன். தொட்டால் கையோடு வந்துவிடும்.

இன்னும் முகம் கழுவவில்லை. நேற்று இரவு மல்லாந்தே படுத்திருந்தேன்.

பிளெஸ்ஸியிடம் நான் சொன்னேன் அன்புமொழி. தொடாதே என்று சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல், "சரி பாட்டி" என்றாள். பார்க்காமல் சொன்னது இப்போதுதான் உறைக்கிறது.

அப்பத்தா


24.3.2025, திங்கள்

தங்கம் அன்புமொழிக்கு,

நெற்றியில் இருந்ததும் போய்விட்டது. மறுநாள் மத்தியானம் வெயில் தாங்கவில்லை. வியர்த்து வழிந்து புருவத்தில் இறங்கிவிட்டது. சீலை முந்தானையில் ஒற்றி எடுத்தேன். அந்தச் சீலையைத் துவைக்கவில்லை, மடித்து வைத்திருக்கிறேன். அதில் ஒன்றும் தெரியவில்லை என்கிறாள் மூக்காயி. அவளுக்குக் கண் மங்கல்.

சாமியாரிடம் போனேன். "மிச்சச் சாம்பல் இருக்கிறதா சாமி?" என்று கேட்டேன். கோயில் உள்ளறையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைக் கொண்டுவந்தார். அடியில் கொஞ்சம் இருந்தது.

"இதுல ஊர் ஓலை எல்லாம் கலந்திருக்கே பாட்டி."

"என் மகனைப் பிரிச்சுக் குடுங்க."

அவர் டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.  சின்ன வயசு, பாவம். அவரை அந்த இடத்தில் விட்டுவிட்டு வந்துவிட்டேன். யார் வீட்டுக் குப்பையையோ கொண்டுவந்து என் பிள்ளை என்று நான் எப்படிக் கும்பிடுவது?

பிளெஸ்ஸியைக் கேட்டேன். தனியாக இல்லை. வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குக் கூடியிருந்தபோது, எல்லார் முன்னாலும் கேட்டேன். "ஏன்டி எடுத்த?" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "தெரியாமப் போச்சு பாட்டி" என்றாள். பொய். தெரியாதவளுக்கு நான்தானே சொன்னேன். நான் என்னென்ன சொன்னேன் என்று எழுத மாட்டேன், உங்கள் மடத்துக் கதவைத் தாண்டக்கூடிய வார்த்தைகள் இல்லை. அவளைப் பெற்றவளையும் இழுத்தேன். செம்மல் தபேலாவைத் துணியால் மூடிவிட்டு வெளியே போய்விட்டான்.

அதற்குப் பிறகும் அவளே சிலுவைப் பாதை நிலைகளை வாசித்தாள். குரல் உடைந்து உடைந்து வந்தது. எல்லாரும் முழங்காலில் நின்றார்கள். நான் நிற்கவில்லை. அவள் வாசிக்கிற வரைக்கும் முழங்கால் போடுவதில்லை என்று நேராகவே நின்றேன். அடுத்த வெள்ளி வேறு பெண் வாசித்தாள். அதற்கு அடுத்த வெள்ளி பிளெஸ்ஸி கோயிலுக்கே வரவில்லை.

என் வீட்டுக்கு மட்டும் வந்தாள். விடிவதற்குள் வந்து வாசலைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டுப் போகிறாள். அந்தத் தண்ணீரை மாட்டுக்கு ஊற்றச் சொல்லி மூக்காயியிடம் கொடுத்துவிட்டேன்.

உன் அம்மா ரஞ்சிதா உன்னை என் மடியில் போட்டுவிட்டு வேறு கல்யாணம் செய்துகொண்டு போனாளே, அவளைக்கூட நான் இவ்வளவு வையவில்லை. வாழ வேண்டிய வயசு, போனாள். இந்தப் பிள்ளைக்கு என்ன வந்தது? உன்னோடு என் கையால் ஒரே தட்டில் சோறு தின்றவள்.

நீ இருந்திருந்தால் தடுத்திருப்பாய்.

அப்பத்தா,
பிச்சையம்மாள்


கார்மேல் மடம்,
22.4.2025

இயேசுவில் என் பிரியமான அப்பத்தாவுக்கு,

உயிர்த்த ஆண்டவரின் சமாதானம் உங்கள் வீட்டில் தங்கட்டும். உங்கள் மூன்று கடிதங்களையும் நேற்றுத் தாய் சிஸ்டர் என் கையில் கொடுத்தார்கள். தோட்டத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். படித்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்க முடியவில்லை.

கூரை ஓட்டை மாற்றிவிட்டார்கள் என்பதைப் படித்தபோது மனம் குளிர்ந்தது. மழை நாட்களில் நீங்கள் பாத்திரங்களை வரிசையாக வைப்பதும், நான் அவற்றின் மேல் தாண்டித் தாண்டி நடப்பதும் இங்கே செபத்தின் நடுவில்கூட நினைவுக்கு வரும். இனி அந்தக் கவலை இல்லை.

அப்பாவின் சிலுவைக்காக நீங்கள் படும் வேதனை எனக்குப் புரிகிறது. ஆனால் அப்பத்தா, அது வீணாய்ப் போய்விடவில்லை. அப்பா மடித்ததை நம் ஊரே அன்று நெற்றியில் சுமந்தது. வெயிலில் வேலைக்குப் போனவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், எல்லாரும். ஊருக்குத் திரும்பி வராத ஒருவருக்கு இதைவிடப் பெரிய வரவேற்பு உண்டா? அப்படி நினைத்துப் பாருங்கள்.

பிளெஸ்ஸியை மன்னித்துவிடுங்கள். அவள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்கிறவள் இல்லை. நீங்கள் அவளை மன்னித்தால் உங்கள் நெஞ்சும் லேசாகும். அதற்காக நான் தினமும் மன்றாடுகிறேன்.

ஆகஸ்டு மாதம் எனக்குக் கடைசி வார்த்தைப்பாடு, சாகும்வரை இந்த மடத்தில் இருப்பேன் என்று வாக்குக் கொடுக்கிற நாள். அதற்கு மட்டும் வீட்டார் உள்ளே கோயில்வரை வரலாம். எனக்கு வீட்டார் என்றால் நீங்கள்தான். அவசியம் வர வேண்டும். மூச்சுத்திணறலுக்கு மருந்தை விடாமல் சாப்பிடுங்கள்.

உங்கள் பேத்தி,
சகோதரி அன்புமொழி


2.5.2025, வெள்ளி

அன்புமொழிக்கு அப்பத்தா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. ஊரே நெற்றியில் சுமந்தது என்று எழுதியிருந்ததைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். படித்த பிள்ளை. எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. பிளெஸ்ஸி வைத்துவிட்டுப் போன தண்ணீரில் ஒரு சொம்பு எடுத்துக் குடித்தேன். சரி, சின்னப் பிள்ளை, விட்டுவிடுவோம் என்று நினைத்தேன்.

நேற்று வீரய்யா வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"எம்புள்ள கோயில் வாசப்படி மிதிச்சு ஒரு மாசமாச்சு. பாக்க வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரங்க, கெழவி சிலுவைய எரிச்ச பொண்ணு இதுதானான்னு கேக்குறாங்க. நல்லா இருக்கீங்களா ஆத்தா?"

"நல்லாத்தான் இருக்கேன். கூரை ஒழுகல."

"ஒழுகாதுல்ல. மேல ஏறி அந்த ஓட்ட மாட்டுனது எம்புள்ள."

"சிலுவைய எடுத்ததும் ஒம்புள்ளதான்."

அவன் திரும்பிப் படி இறங்கினான். பிறகு அங்கே நின்றுகொண்டே சொன்னான்: "எடுக்கச் சொன்னது யாருன்னு ஒங்க பேத்தியக் கேளுங்க. எம்புள்ள சத்தியம் பண்ணிக் குடுத்துருக்கு, அதான் வாயத் தொறக்கல. நான் யாருக்கும் சத்தியம் பண்ணல."

நான் விடவில்லை. கையைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். சனவரியில் அன்பியத்துப் பெண்கள் உன்னைப் பார்க்க மடத்துக்கு வந்தார்களாம். கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் அவர்கள். வீடு பழுது பார்க்கிற விஷயத்தை அவர்கள் சொன்னதும், என் அப்பத்தா வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீதான் கேட்டாயாம். அதுவரைக்கும் சரி. எல்லாரும் எழுந்த பிறகு பிளெஸ்ஸியை மட்டும் நிறுத்தி, அந்தச் சிலுவையைப் பழைய ஓலையோடு சேர்த்து எடுத்துப் போய்விடு, அப்பத்தாவுக்குச் சொல்லாதே என்று சொன்னாயாம். வீரய்யா இப்படிச் சொல்கிறான். அவன் மனசில் எரிச்சல், ஒன்றுக்கு ஒன்பது சொல்லக்கூடியவன். அதனால் நான் நம்பவில்லை. நம்ப வேண்டாம் என்று இருக்கிறேன்.

எனக்கு ஆறுதல் வேண்டாம். வசனம் வேண்டாம். ஆமாமா, இல்லையா என்று ஒரு வரி எழுது.

பிச்சையம்மாள்


கார்மேல் மடம்,
12.5.2025

அன்புள்ள அப்பத்தா,

ஆமாம். நான்தான் சொன்னேன்.

நீங்கள் ஒரு வரி கேட்டீர்கள். ஆனாலும் காரணத்தைச் சொல்ல வேண்டும்.

உங்கள் பெட்டியில் அதை வைக்கிறேன் என்று நான் தலையாட்டியபோது எனக்குப் பதினாறு வயது. இப்போது நான் இந்தக் கதவைத் தாண்ட முடியாது. உங்களை அடக்கம் செய்கிற நாளிலும் முடியாது. தந்தி மாதிரி ஒரு செய்தி வரும், நாங்கள் கோயிலில் கூடிச் செபம் சொல்வோம், அவ்வளவுதான். அன்று உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? படத்தை யாரோ கழற்றுவார்கள். பின்னால் இருக்கிற காய்ந்த ஓலையை யாரோ உதறிப் பெருக்கிக் குப்பையில் தள்ளுவார்கள். அந்தக் காட்சி எனக்கு வராத நாள் இல்லை. அப்பாவுக்கு இரண்டாவது தடவையும் இடமில்லாமல் போய்விடும். அதைவிட, பீடத்துக்கு முன்னால் மந்திரித்த சாம்பலாக அவர் உங்கள் நெற்றிக்கு வரட்டும் என்று நினைத்தேன்.

இன்னொன்றும் உண்டு. நீங்கள் அந்த ஓலையோடு பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதனிடம் கேட்டுத்தான் கஞ்சியா சோறா என்று முடிவு செய்வீர்கள். நான் மடத்துக்குப் போகட்டுமா என்று கேட்டபோதும் என்னிடம் பதில் சொல்லாமல் அதனிடம் திரும்பினீர்கள். அது போய்விட்டால் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் நீங்கள் திரும்புவீர்கள் என்று நம்பினேன்.

உங்களிடம் கேட்டால் சம்மதிக்க மாட்டீர்கள். அதனால் கேட்கவில்லை. பிளெஸ்ஸி அழுதாள், வேண்டாம் என்றாள். நான்தான் கட்டாயப்படுத்தினேன். நான் செய்தது தவறு என்று இன்றைக்கும் என் மனச்சாட்சி சொல்லவில்லை. உங்களுக்கு வலித்தது என்பது மட்டும் என்னைத் தூங்கவிடவில்லை.

ஆகஸ்டில் வாருங்கள் அப்பத்தா. நேரில் உங்கள் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

உங்கள் பேத்தி


29.5.2025, வியாழன்

அப்பத்தா எழுதுவது.

பிளெஸ்ஸி வீட்டுக்குப் போனேன். வீரய்யா என்னைப் பார்த்ததும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அவள் முறத்தில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தேன். முறம் பாதி நிறைந்த பிறகு கேட்டேன்.

"ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"அன்பு சொல்லாதன்னு சொன்னா பாட்டி."

"ஊரே ஒன்னத் திட்டுச்சே."

"நீங்க ஒராள்தான் திட்டுனீங்க. ஊரு சும்மா பாத்துச்சு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "நான் செத்த அன்னைக்கு அதை என் கையில வெச்சு மூடுன்னு ஒங்கிட்டச் சொல்லியிருந்தா வெச்சிருப்பியா?" என்று கேட்டேன்.

"வெச்சிருப்பேன்."

"மறந்துருக்க மாட்ட?"

"நீங்க மறக்க விட்டிருப்பீங்களா?"

இவ்வளவுதான் அன்றைக்கு நடந்தது. யார் இருப்பார்கள் என்று எழுதியிருந்தாயே. இவள் இருந்திருப்பாள். நான்கு வீடு தள்ளித்தான் இருக்கிறாள். கம்பிக்கு இந்தப் பக்கம் உன் முன்னால்தான் நின்றாள். சிலுவையை எடு என்று சொன்ன வாயால், என் அப்பத்தா கையில் வை என்று சொல்ல உனக்குத் தோன்றவில்லை.

அவளும் நானுமாகச் சாமியாரிடம் போனோம். அந்த டப்பாவை அவர் பத்திரமாக வைத்திருந்தார். ஊர் ஓலை கலந்தது கலந்ததாகவே இருக்கட்டும், கொடுங்கள் என்று வாங்கினேன். கல்லறைத் தோட்டத்தில் உன் தாத்தா தலைமாட்டில் பிளெஸ்ஸி குழி எடுத்தாள். வெயிலுக்கு மண் கல்லாக இருந்தது, நல்லதம்பி கடப்பாரை கொண்டுவந்து இரண்டு போடு போட்டுக் கொடுத்தார். சாமியார் அடக்கச் செபத்தை முழுசாகச் சொன்னார். நடுவில் அருள்மணி என்று பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் சொன்னார். அரபு நாட்டில் அந்தப் பெயரைச் சொல்லிப் புதைத்தார்களோ இல்லையோ. இங்கே சொன்னோம். மூக்காயி ஒப்பாரி வைத்தாள். இத்தனை வருஷத்துக்கு அப்புறம் ஏன்டி என்று கேட்டால், அன்னைக்குப் பொணம் வரலையேக்கா, எப்ப வெக்கிறது என்றாள். அப்புறம் நானும் வைத்தேன்.

ஆக, அவனுக்கு மண் கிடைத்துவிட்டது. அதில் யார் யார் வீட்டுச் சாம்பலோ இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். தனியாகக் கிடந்தவனுக்குத் துணை.

அடுத்த வெள்ளிக்கிழமைச் செபத்துக்குப் பிளெஸ்ஸியைக் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். எந்த இடத்தில் வைதேனோ அதே இடத்தில் நின்று, இந்தப் பிள்ளை மேல் குற்றம் இல்லை, நான் பேசினது பாவம் என்று எல்லாரும் கேட்கச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டுக்கும் நானே போவேன் என்று வீரய்யாவிடம் சொல்லியிருக்கிறேன். யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டார்கள். நான் சொல்லவில்லை. உன் பெயரை இந்த ஊர் மரியாதையாகச் சொல்கிறது, அது அப்படியே இருக்கட்டும்.

நீ எழுதியதில் ஒன்று உண்மை. நான் அந்த ஓலையோடுதான் பேசிக்கொண்டிருந்தேன். நீ மடத்துக்குப் போகிறேன் என்றபோது அதனிடம் திரும்பினேன், அதுவும் உண்மை. உன் முகத்தைப் பார்த்தால் போகாதே என்று சொல்லிவிடுவேன். அதற்காகத் திரும்பினேன். உனக்கு அது இத்தனை வருஷமாக வேறு மாதிரி தெரிந்திருக்கிறது.

ஆகஸ்டுக்குப் பிளெஸ்ஸி வருவாள். அவளுக்கு உன் மேல் கோபம் இல்லை. நான் வரவில்லை. மூச்சு ஒத்துழைக்காது என்று தாய் சிஸ்டருக்குச் சொல்லிக்கொள். உள்ளே யாரும் உன்னைக் குறைவாக நினைக்க வேண்டாம். இதற்குப் பிறகு என்னிடமிருந்து கடிதமும் வராது.

ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்கால் போட்டேன். பிளெஸ்ஸியை வைததைச் சொன்னேன். ரஞ்சிதாவைச் சபித்ததைச் சொன்னேன். வீரய்யாவை, "ஆளில்லாத" என்று வாசித்தவளை, எல்லாரையும் சொல்லி இறக்கிவைத்தேன்.

சாமியார், "எல்லாரையும் மனசார மன்னிச்சிட்டீங்களா பாட்டி?" என்று கேட்டார்.

"ஒராள் பாக்கி சாமி."

"அவங்களையும் மன்னிச்சிடுங்களேன்."

"ஓலைய எரிச்சது போகட்டும். அத மன்னிச்சிடுவேன். நான் அந்தப் புள்ளைய நார்நாராக் கிழிச்சத மூணு கடுதாசியில படிச்சிட்டு, அவள மன்னிச்சிடுங்கன்னு எனக்கே எழுதுன ஆளு சாமி. அத முடியாது."

"அப்படி வெச்சுக்கிட்டு பூசையில நன்மை அப்பம் வாங்க முடியாதே பாட்டி."

"வேணாம் சாமி."

பூசையில் எல்லாரும் நன்மை வாங்க எழுந்து வரிசையில் போனார்கள். நான் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். சின்ன வயசில் எனக்குப் புது நன்மை கொடுத்த நாளிலிருந்து உடம்பு சரியில்லாத நாள் தவிர ஒரு ஞாயிறும் நான் அப்படி உட்கார்ந்ததில்லை. போகிறவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். உட்கார்ந்திருந்தேன்.

யார் பாட்டி அந்த ஆள் என்று சாமியார் கேட்டிருந்தார், சொன்னேன். அந்தக் கூண்டுக்குள் சொன்னதை அவர் வெளியே சொல்லக் கூடாது. அதனால் நானே உனக்கு எழுதிவிடுகிறேன். என் மகன் அருள்மணி பெற்ற மகள், நான் வளர்த்த பிள்ளை, அன்புமொழி.